ஆசிரியர் இல்லாத வகுப்பு: ஓய்வு பெற்றவர்கள் கற்றல் வட்டம் தொடங்குவது எப்படி?

பணி ஓய்வு பெற்ற புதிதில் எனக்குக் காலை நடை, பேப்பர், டிபன் எல்லாம் முடிந்தும் மணி ஒன்பதரையைத் தாண்டாது. சாயங்காலம் ஊரில் எங்காவது சொற்பொழிவு இருந்தால் போய் உட்காருவேன். பேசுபவர் நன்றாகத்தான் பேசுவார். கைதட்டிவிட்டு வீட்டுக்கு வருவேன். ஒரு வருடம் இப்படியே போனது. அந்த ஒரு வருடத்தில் யாரும் என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. முப்பத்து நான்கு வருடம் தொலைபேசித் துறையில் வேலை பார்த்திருக்கிறேன். அதில் கற்றதெல்லாம் எனக்குள்ளேயே கிடந்தது.

பெரியவர்கள் உட்கார்ந்து கேட்பதற்கு ஊரில் இடம் நிறைய இருக்கிறது. அவர்களைப் பேசச் சொல்லிக் கேட்கும் இடம்தான் குறைவு. அந்தக் குறைக்குத்தான் கற்றல் வட்டம். பத்துப் பதினைந்து பேர் வாரம் ஒருமுறை கூடி, தங்களுக்குள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துக் கற்றுக்கொள்வது. வெளியிலிருந்து ஆசிரியர் கிடையாது, தேர்வு கிடையாது, சான்றிதழும் கிடையாது. எங்கள் காலனியில் நான்கு வருடமாக நடத்துகிறோம். புதிதாகத் தொடங்க நினைப்பவர்களுக்காக, நாங்கள் செய்ததை வரிசையாக எழுதுகிறேன்.

இது எங்கிருந்து வந்தது என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 1962-ல் நியூயார்க்கில், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர்கள் சேர்ந்து 'நியூ ஸ்கூல்' என்ற கல்வி நிலையத்தின் கீழ் தங்களுக்கான வகுப்புகளைத் தாங்களே நடத்தத் தொடங்கினார்கள். 1973-ல் பிரான்சின் துலூஸ் நகரில் பியர் வெல்லா என்ற பேராசிரியர் முதியவர்களுக்காகப் பல்கலைக்கழகத்தின் கதவைத் திறந்துவிட்டார். 'மூன்றாம் பருவத்தின் பல்கலைக்கழகம்' என்று அதற்குப் பெயர். படிக்கும் பருவம் ஒன்று, உழைக்கும் பருவம் இரண்டு, அதற்குப் பின் வருவது மூன்று என்ற கணக்கு. ஆனால் அங்கே பாடம் நடத்தியது பல்கலைக்கழக ஆசிரியர்கள்தான்.

இந்த யோசனை 1980-களின் தொடக்கத்தில் பிரிட்டனுக்குப் போனபோதுதான் முக்கியமான மாற்றம் நடந்தது. கேம்பிரிட்ஜ் வரலாற்றாசிரியர் பீட்டர் லாஸ்லெட், சமூகவியலாளர் மைக்கேல் யங், கல்வியாளர் எரிக் மிட்வின்டர் ஆகிய மூவரும் அதைத் தலைகீழாகத் திருப்பினார்கள். பேராசிரியர்கள் வேண்டாம், சொல்லிக்கொடுப்பவரும் கற்க வேண்டும், கற்பவரும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றார் லாஸ்லெட். இன்று பிரிட்டனில் 'யூ த்ரீ ஏ' (மூன்றாம் பருவத்தின் பல்கலைக்கழகம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற பெயரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உள்ளூர்ச் சங்கங்கள் இந்த வழியில் நடக்கின்றன. உறுப்பினர் வீட்டுக் கூடத்தில், நூலகத்தில், தேவாலய அரங்கில் கூடுகிறார்கள். கட்டடமும் சம்பளமும் இல்லாததால் செலவு மிகக் குறைவு. நம் ஊருக்கும் இந்த முறைதான் சரிப்படும் என்பது என் கருத்து.

சரி, வேலைக்கு வருவோம்.

படி 1: ஐந்து பேரைப் பிடியுங்கள்

நோட்டீஸ் அடிக்க வேண்டாம், திறப்பு விழா வேண்டாம். காலை நடையில் பார்ப்பவர், ரேஷன் கடையில் பேசுபவர், கோயிலில் தினம் வணக்கம் சொல்பவர் என்று ஐந்து பேர் போதும். கூட்டமாகத் தொடங்கினால் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று பதவிப் பேச்சு முதல் நாளே வந்துவிடும்.

ஐந்து பேரும் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களாக இருக்கக் கூடாது. இருந்தால் பழைய அலுவலகக் கதையைத் தாண்டிப் பேச்சு நகராது. ஐவரில் இரண்டு பேராவது பெண்களாக இருக்கட்டும், முதல் நாளிலிருந்தே. அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், பதினைந்து ஆண்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் தனியாக வந்து உட்கார எந்தப் பெண்ணும் தயங்குவார்.

படி 2: யாருக்கு என்ன தெரியும் என்று எழுதுங்கள்

இந்தப் படியில் அவசரப்படவே கூடாது. ஒரு நோட்டு வாங்கி, ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பக்கத்தின் நடுவில் கோடு. இடப்பக்கம் அவருக்குத் தெரிந்தது, வலப்பக்கம் அவர் தெரிந்துகொள்ள ஆசைப்படுவது.

"உங்களுக்கு என்ன தெரியும்?" என்று நேராகக் கேட்காதீர்கள். "எனக்கு என்ன சார் தெரியும்" என்பதுதான் பத்தில் எட்டுப் பேர் சொல்லும் பதில். கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: "அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் எதைக் கேட்க உங்களிடம் வருவார்கள்?" இப்படிக் கேட்டால் பதில் தானாக வரும்.

எங்கள் தெருவில் ஒரு அம்மா இருக்கிறார். வேலைக்குப் போனதில்லை. "நான் ரிட்டயர் ஆகவே இல்லையே, இன்னமும் சமைத்துக்கொண்டுதானே இருக்கிறேன், உங்கள் கூட்டத்துக்கு எப்படி வருவது?" என்றார். நியாயமான கேள்வி. அவரிடம் மேலே சொன்ன கேள்வியைக் கேட்டேன். "அரிசி வாங்கும்போது என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள்" என்றார். நோட்டில் 'அரிசி' என்று எழுதிக்கொண்டோம்.

அந்த அரிசி மூன்று வாரம் ஓடியது. பச்சரிசி, புழுங்கலரிசி, இட்லி அரிசி என்று சின்னச் சின்னக் கிண்ணங்களில் கொண்டுவந்து வைத்தார். புது அரிசியையும் ஒரு வருடம் வைத்திருந்த பழைய அரிசியையும் கையில் கொடுத்து வித்தியாசம் சொல்லச் சொன்னார். புதியது ஏன் குழைகிறது, பழையது ஏன் கூடுதல் தண்ணீர் கேட்கிறது என்று பேச்சு போனது. வேதியியல் ஆசிரியராக இருந்த ஒருவர் அப்போதுதான் வாயைத் திறந்தார். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது உள்ளே இருக்கும் மாவுச்சத்து வெந்து, காயும்போது மறுபடி இறுகுகிறது. தவிட்டில் இருக்கும் பி வைட்டமினில் ஒரு பங்கு அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அதனால்தான் தீட்டிய பிறகும் புழுங்கலில் சத்து மிஞ்சுகிறது என்றார். "அதனால்தானா எங்கள் அம்மா கைக்குழந்தைக்காரிக்குப் புழுங்கலரிசியே போடச் சொல்வார்!" என்றார் அந்த அம்மா. நாற்பது வருடம் வேதியியல் நடத்தியவர் அரிசியைத் தொட்டுப் பார்த்துப் புதுசு, பழசு பிரிக்கக் கற்றுக்கொண்டது அன்றைக்குத்தான்.

தெரிந்ததையும் தெரிய ஆசைப்படுவதையும் எழுதி முடித்ததும் நோட்டைப் புரட்டிப் பாருங்கள். ஒருவரது இடப்பக்கம் இன்னொருவரது வலப்பக்கத்தோடு எங்கே பொருந்துகிறதோ அங்கேதான் உங்கள் முதல் தலைப்பு இருக்கிறது.

படி 3: ஆறு வாரத் தலைப்பு ஒன்று

புதிதாகத் தொடங்குபவர்கள் ஆர்வத்தில் பெரிய தலைப்பாக எடுத்துவிடுவார்கள். திருக்குறளை எடுத்துக்கொள்ளுங்கள். வாரம் ஓர் அதிகாரம் என்றாலும் 133 வாரம், அதாவது இரண்டரை வருடம். ஆர்வம் அதற்கு முன்பே வடிந்துவிடும். ஆறே ஆறு அதிகாரங்களைப் பொறுக்கி எடுத்து, ஆறு வாரத்தில் முடியுங்கள். முடிக்கும் சந்தோஷம் அடுத்ததற்குத் தூண்டும்.

நாங்கள் நடத்தியதில் நன்றாக அமைந்த சில தலைப்புகள்: கைபேசியில் பணம் அனுப்புவதும் ஏமாற்று அழைப்பை அடையாளம் காண்பதும். பணம் பறிபோனால் உடனே கூப்பிட வேண்டிய 1930 என்ற எண்ணை எல்லோரும் அன்றைக்கே பதிந்துகொண்டோம். ஓய்வூதியர்கள் வாழ்நாள் சான்றிதழைக் கைபேசியிலேயே கொடுப்பது. எங்கள் ஏரிப் பறவைகள், பொங்கலை ஒட்டி நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் கலந்துகொள்வது வரைக்கும். பக்கத்துக் கோயில் கல்வெட்டில் இருக்கும் பழைய தமிழ் எழுத்துகளைப் படிப்பது. வீட்டு மின்சாரம். இந்தக் கடைசித் தலைப்பில், மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் வீட்டுப்பாடம் கொடுத்தார்: வீட்டு மின்பெட்டியில் 'டி' (T) என்று எழுதியிருக்கும் சின்னப் பொத்தானை அழுத்திப் பாருங்கள், உடனே சுவிட்ச் விழ வேண்டும். மின்கசிவு வந்தால் ஆளைக் காப்பாற்றும் சுவிட்ச் அது. பன்னிரண்டு வீடுகளில் இரண்டில் அது விழவே இல்லை. அந்த வாரமே இரண்டையும் மாற்றினார்கள்.

மருத்துவத் தலைப்பு வேண்டும் என்று கட்டாயம் கேட்பார்கள். உடம்பு எப்படி வேலை செய்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எந்த மாத்திரையை நிறுத்தலாம், எந்தக் கஷாயம் குடிக்கலாம் என்ற பேச்சை உள்ளே விடாதீர்கள். ஒருவருக்கு ஒத்துக்கொண்டது இன்னொருவரை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துவிடும்.

படி 4: இடமும் நேரமும்

யார் வீட்டுக் கூடமாவது, குடியிருப்புச் சங்கத்தின் அறை, கிளை நூலகம், எதுவும் சரி. நம் பொது நூலகங்களில் வாசகர் வட்டம் என்ற ஏற்பாடு ஏற்கெனவே உண்டு. நூலகரிடம் போய்ப் பேசினால் ஒரு மேசையும் நாற்காலிகளும் கிடைக்க வாய்ப்பு அதிகம், தேவையான புத்தகத்தையும் எடுத்து வைப்பார்.

இடத்தைப் பார்க்கப் போகும்போது நான்கு விஷயங்களைக் கவனியுங்கள். மாடிப்படி இருக்கக் கூடாது. கழிவறை பக்கத்தில் இருக்க வேண்டும், அதில் பிடித்துக்கொண்டு எழ ஏதாவது இருக்க வேண்டும். நாற்காலிக்குக் கை வேண்டும், முழங்கால் வலி உள்ளவர்கள் அதை ஊன்றித்தான் எழுவார்கள். மின்விசிறி சத்தம் போடக் கூடாது. காது மந்தமானவருக்கு மனிதக் குரலை முதலில் விழுங்குவது அந்தக் கடகடச் சத்தம்தான்.

நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். முன்னால் மேசை போட்டு, எதிரே வரிசை வரிசையாகப் போட்டால் அது மறுபடி சொற்பொழிவு ஆகிவிடும். கணவன் மனைவி இருவரும் வந்தால் தள்ளித் தள்ளி உட்காரச் சொல்கிறோம். பக்கத்தில் உட்கார்ந்தால் ஒருவருக்குக் கேட்ட கேள்விக்கு மற்றவர் பதில் சொல்லிவிடுகிறார்.

நேரம் காலை பத்தரை முதல் பன்னிரண்டு வரை, அல்லது மாலை நான்கரைக்கு மேல். கிழமையை ஒருமுறை முடிவு செய்தால் மாற்றக் கூடாது. எங்களுக்குப் புதன். மழை, மாநாடு, கல்யாணம் எது வந்தாலும், மூன்று பேர் வந்தாலும், புதன் என்றால் நடக்கும்.

படி 5: ஒன்றரை மணி நேரத்தை நடத்துவது

ஒவ்வொரு தலைப்புக்கும் ஒருவர் ஒருங்கிணைப்பாளர். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று இல்லை. அடுத்த வாரம் யார் எதைப் படித்துவர வேண்டும் என்று பிரித்துக் கொடுப்பதும், எல்லோரும் பேசுகிறார்களா என்று பார்ப்பதும்தான் அவர் வேலை.

முதல் கால் மணி நேரம் போன வாரத்தின் மிச்சம்: யார் வீட்டில் முயன்று பார்த்தார்கள், எங்கே சிக்கியது. அடுத்த இருபது நிமிடம் ஒருவர் விஷயத்தைச் சொல்ல வேண்டும். இருபதுக்கு மேல் கூடாது. அதற்கப்புறம் அரை மணி நேரம் எல்லோரும் கையால் ஏதாவது செய்ய வேண்டும். மீதி நேரம் கேள்வி, டீ, அடுத்த வாரத்துக்கான பிரிவினை.

கையால் செய்வது என்று சொன்னேன். அது எவ்வளவு முக்கியம் என்பதை நாங்கள் பட்டாவில்தான் கற்றோம். கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் நில ஆவணங்களைப் பற்றிச் சொல்ல ஒத்துக்கொண்டார். முதல் இரண்டு வாரம் பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்படம், வில்லங்கச் சான்று என்று ஒரு மணி நேரம் நிறுத்தாமல் பேசினார். ஒன்றும் தப்பில்லை, எல்லாம் சரியான தகவல். ஆனால் மூன்றாம் வாரம் நான்கு பேர் வரவில்லை.

அவருக்கே அது தெரிந்தது. அடுத்த வாரத்துக்கு, "அவரவர் பட்டா நகலைக் கொண்டுவாருங்கள். எண்ணையும் பெயரையும் ஒரு தாளால் மூடிக்கொள்ளுங்கள்" என்றார். அன்று அவர் பேசவே இல்லை. பரப்பு என்ற கட்டத்தைக் காட்டி, "உங்களுக்கு எவ்வளவு நிலம் இருக்கிறது, நீங்களே படியுங்கள்" என்றார். ஒருவர் தன் பட்டாவில் '0 - 12.50' என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, "பன்னிரண்டரை செண்ட்" என்றார். பக்கத்தில் இருந்தவர், "இல்லையே, மேலே ஹெக், ஏர் என்று போட்டிருக்கிறதே" என்று விரலை வைத்தார். கோட்டுக்கு முன்னால் இருப்பது ஹெக்டேர், பின்னால் இருப்பது ஏர். ஓர் ஏர் என்பது நூறு சதுர மீட்டர், ஏறக்குறைய 2.47 செண்ட். நோட்டில் பெருக்கினார்கள். பன்னிரண்டரை ஏர் என்றால் கிட்டத்தட்ட முப்பத்தொன்று செண்ட். அப்பா காலத்திலிருந்து பெட்டியில் இருந்த காகிதம் அது. எழுபத்தொரு வயதில் அவர் அதை முதன்முறையாகத் தானே படித்தார். வரிசையாக எல்லோரும் தங்கள் நிலத்தைச் செண்டில் எழுதினார்கள். அன்று பன்னிரண்டு மணிக்கு யாரும் எழுந்திருக்கவில்லை.

அன்றிலிருந்து எங்களுக்கு ஒரு விதி. சொல்லிக்கொடுப்பவர் ஒவ்வொரு வாரமும் ஒரு பொருளையோ காகிதத்தையோ கொண்டுவர வேண்டும். அதை மற்றவர்கள் கையில் கொடுத்துவிட்டு, அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருக்க வேண்டும்.

படி 6: வரும் சிக்கல்கள்

ஒருவர் மட்டும் பேசிக்கொண்டே இருப்பார், எல்லா வட்டத்திலும் அப்படி ஒருவர் உண்டு. அவரைக் கூட்டத்தில் வைத்துத் தடுக்காதீர்கள், மனம் ஒடிந்துவிடும். தனியாகப் பார்த்து, "அடுத்த தலைப்புக்கு நீங்கள்தான் ஒருங்கிணைப்பாளர், எல்லோரையும் பேசவைப்பது உங்கள் பொறுப்பு" என்று சொல்லுங்கள். எங்களிடம் இது இரண்டு முறை பலித்தது.

இதற்கு எதிர்ப்பக்கம், வாயே திறக்காதவர். அவரிடம் கருத்துக் கேட்காதீர்கள், வேலை கொடுங்கள். செய்தித்தாளிலிருந்து ஒரு துண்டைச் சத்தமாகப் படிக்கச் சொல்லலாம், அளவு எடுக்கச் சொல்லலாம். இரண்டு மூன்று வாரத்தில் தானாகப் பேசுவார்.

முன்னாள் பதவி வாசலோடு நிற்க வேண்டும். மேலதிகாரியாக இருந்தவரும் அவர் கீழ் வேலை பார்த்தவரும் ஒரே வட்டத்தில் இருந்தால் முதல் சில வாரம் 'சார்' ஒரு பக்கமாகத்தான் போகும். எங்கள் வழக்கம், ஆண்கள் எல்லோருக்கும் 'சார்', பெண்கள் எல்லோருக்கும் 'அம்மா' அல்லது 'மேடம்', விதிவிலக்கு கிடையாது.

வியாபாரத்தை மட்டும் கண்டிப்பாக உள்ளே விடாதீர்கள். ஓய்வூதியர்கள் கூடும் இடம் என்று தெரிந்தால் காப்பீடு, சத்துமாவு, சீட்டு, நிலம் என்று ஆள் வருவார்கள். உறுப்பினரே கொண்டுவருவார், அதுதான் சங்கடம். முதல் கூட்டத்திலேயே, இங்கே யாரும் யாருக்கும் எதுவும் விற்பதில்லை, கடன் கேட்பதில்லை என்று எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். பின்னால் யாரிடமாவது மறுக்க வேண்டி வந்தால் அந்தத் தாளைக் காட்டிவிடலாம்.

படி 7: பணமும் வாட்ஸ்அப்பும்

டீ, பிஸ்கட், நகல் எடுக்கும் செலவு, அவ்வளவுதான். கூட்டத்தில் ஒரு டப்பா வைக்கிறோம், முடிந்தவர் பத்தோ இருபதோ போடுவார்கள். யார் எவ்வளவு போட்டார் என்று எழுதுவதில்லை. குடும்ப ஓய்வூதியத்தில் இருப்பவரும் பெரிய ஓய்வூதியம் வாங்குபவரும் ஒரே டப்பாவில் போட வேண்டும் என்றால் அதுதான் மரியாதையான வழி. செலவை மட்டும் நோட்டில் எழுதி, மாதம் ஒருமுறை சத்தமாகப் படித்துவிடுங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் நிர்வாகிகள் மட்டும் பதிவிடும்படி அமைத்துவிடுங்கள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாளைய தலைப்பு, கொண்டுவர வேண்டியது, இவ்வளவு போதும். வாட்ஸ்அப் இல்லாதவருக்கு ஒருவர் போன் செய்து சொல்வார். யார் யாருக்குப் போன் செய்வது என்பதும் நோட்டில் இருக்கிறது. இரண்டு வாரம் ஒருவர் வராவிட்டால் அதே ஆள் வீட்டுக்கே போய்ப் பார்த்துவருவார்.

படி 8: ஏழாவது வாரம்

ஆறு வாரம் முடிந்ததும் நோட்டை மறுபடி எடுங்கள். அடுத்த தலைப்பு, அடுத்த ஒருங்கிணைப்பாளர். இதுவரை சொல்லிக்கொடுத்தவர் இந்த முறை கண்டிப்பாகக் கற்பவராக உட்கார வேண்டும். ஒரே ஆள் இரண்டு முறை தொடர்ந்து நடத்தினால் மூன்றாவது முறை எல்லோரும் அவரையே எதிர்பார்ப்பார்கள், அவருக்கு உடம்பு முடியாமல் போகும் வாரம் வட்டமும் படுத்துவிடும்.

பதினைந்துக்கு மேல் ஆள் சேர்ந்தால் இரண்டாகப் பிரியுங்கள். வருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் இருபது பேர் இருந்தால் ஒன்றரை மணி நேரத்தில் ஒருவருக்கு நாலரை நிமிடம்கூடப் பேசக் கிடைக்காது. நாங்கள் இரண்டாம் வருடம் பிரிந்தோம். புதிய வட்டத்துக்குப் புதன் மாலை ஐந்து மணி என்று வைத்தோம். அதற்கு ஒரு காரணம் இருந்தது. அரிசி அம்மா உட்பட மூன்று பேர் வருடத்தில் ஆறு மாதம் பிள்ளைகளிடம் அமெரிக்கா போய்விடுவார்கள், பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள. நம் காலைப் பத்தரை அங்கே நள்ளிரவு தாண்டிய நேரம். மாலை ஐந்து என்றால் கோடைக்காலத்தில் நியூஜெர்சியில் காலை ஏழரை.

அங்கிருந்து வீடியோ அழைப்பில் சேர்பவர்களுக்காக, சொல்லிக்கொடுப்பவர் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு, அதில் கைபேசியைச் சாய்த்து வைக்கிறோம். காட்டும் பொருளை முதலில் அதன் முன்னால் பிடித்துக் காட்டிவிட்டுத்தான் வட்டத்தில் சுற்றுக்கு விடுவோம். போன புதன் வேப்பமரப் பூச்சிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். கைபேசிக்குள் காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்த அந்த அம்மா, "இங்கே மேப்பிள் இலையிலும் இதே மாதிரி ஓட்டை இருக்கிறது, இருங்கள், பறித்துவருகிறேன்" என்று எழுந்து போனார்.